வாசலைத் திறக்கும் அதிகாரம்



பொது இடங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றுதான் என்னை அழைத்தார்கள். கால்பந்து மைதானம் நானாகத் தேர்ந்துகொண்டது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேரை ஓரிடத்தில் திரட்டி, இரண்டு மணி நேரம் கத்தவிட்டு, பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வேலையை அந்த உலகம் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறது. வேலை தவறிய சில இடங்களில் நீதிபதிகள் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று நிமிடக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழா நெரிசலுக்கோ கட்சி மாநாட்டுத் தள்ளுமுள்ளுக்கோ அப்படி ஒரு பதிவு கிடைப்பது அரிது. கூட்டம் எப்படி நடந்துகொள்கிறது, அதை நடத்துகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிக்க விரும்புகிறவர் அந்த அறிக்கைகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

முதலில் தீயைப் பேசிவிடுவோம். ரசிகர்கள் கையில் பிடிக்கும் தீ. உங்களில் பலர் அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2005 ஏப்ரல் 12, மிலான் நகரின் சான் சீரோ மைதானம். சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அந்த ஊரின் இரண்டு அணிகளும் மோதுகின்றன. இன்டர் அணியின் மாட்டராசி, எதிரணி வீரர் ரூயி கோஸ்டாவின் தோளில் முழங்கையை ஊன்றி நிற்கிறார். இருவருக்கும் எதிரே சிவப்புப் புகை. அழகான படம், சந்தேகமில்லை, சுவரில் மாட்டுகிறார்கள். அந்தப் படத்துக்குச் சற்று முன்னால் மிலான் அணியின் கோல்கீப்பர் தீதாவின் தோளில் எரிகிற ஃபிளேர் ஒன்று வந்து விழுந்தது படத்தில் இல்லை. ஆட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

ஃபிளேர் என்பது என்ன? நம் சிவப்பு மத்தாப்புக்கு நிறம் தருகிற அதே ஸ்ட்ரான்ஷியம் உப்புதான் இதற்கும் நிறம் தருகிறது. ஆனால் மத்தாப்பு சில நொடிகளில் அடங்கிவிடும். கடலில் தத்தளிக்கிற படகு உதவி கேட்கப் பிடிக்கும் கைச் சுடருக்குச் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. அது குறைந்தது 1 நிமிடம் எரிய வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் 10 நொடி அமிழ்த்தி எடுத்த பிறகும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். கடலில் அது உயிர் காக்கும் குணம். நெருக்கியடித்து நிற்கும் கேலரியில், பக்கத்தில் இருப்பவரின் பாலியஸ்டர் சட்டை மீது விழும்போது அதே குணம் வேறு வேலை செய்கிறது. தண்ணீர் பாட்டிலை ஊற்றி அணைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மைதான ஊழியர்கள் மணல் வாளியோடு ஓடுவது அதனால்தான்.

ஃபிளேர் கையிலிருக்கும்வரை ஓர் ஆபத்து. கையை விட்டுப் பறக்கும்போது முற்றிலும் வேறோர் ஆபத்து. 1979இல் ரோமில், 1992இல் பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில், 1993இல் கார்டிஃபில், 2013இல் பொலிவியாவின் ஒருரோவில் என்று ஒவ்வொரு முறையும் ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் செத்திருக்கிறார். சாரியாவில் 13 வயதுச் சிறுவன். ஒருரோவில் 14 வயது. இந்த நான்கு சாவுக்கும் காரணம், கப்பல்கள் ஆபத்தில் வானத்தை நோக்கி விடும் வகை ஏவுசுடர். 300 மீட்டர் உயரம் போவதற்கென்று செய்த பொருளைப் படுக்கைவாட்டில், எதிர்க் கேலரியைப் பார்த்து விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைச் சுடரையும் இந்த ராக்கெட்டையும் ஒரே பெயரில் எழுதுகிற பத்திரிகைகள் ரசிகர்களுக்கு ஒரு வாதத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகின்றன. "நாங்கள் பிடிப்பது அது இல்லையே" என்று அவர்கள் சொல்லும்போது மறுக்க முடிவதில்லை.

இடையில் ஒரு கதை. 1989 செப்டம்பர் 3, ரியோவின் மரகானா மைதானம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. பிரேசில் 1–0 என்று முன்னிலை. கேலரியிலிருந்து ஒரு பெண் விட்ட சுடர் சிலி கோல்கீப்பர் ரோபெர்தோ ரோஹாஸ் அருகே விழுகிறது. அவர் முகமெல்லாம் ரத்தத்தோடு சுருண்டு விழுகிறார். சிலி அணி மைதானத்தை விட்டு வெளியேறுகிறது. பிரேசிலைத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்று பேச்சு கிளம்புகிறது. பிறகு புகைப்படங்களைப் பார்த்தால், சுடர் அவர் மேல் படவேயில்லை. கையுறைக்குள் பிளேடு ஒளித்துவைத்துத் தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார் மனிதர். ரோஹாஸுக்கு ஆயுள் தடை (2001இல்தான் நீங்கியது), சிலிக்கு 1994 உலகக் கோப்பைக்கான கதவு அடைப்பு. கேலரியில் தீ எரிந்தால் அதில் குளிர்காய ஆள் எப்போதும் இருப்பார் என்பதற்காகச் சொன்னேன்.

ரசிகர்கள் ஏன் கொளுத்துகிறார்கள்? அல்ட்ராஸ் எனப்படும் தீவிர ரசிகர் குழுக்கள் 1960களின் இறுதியில் இத்தாலியில் வேர்பிடித்து ஐரோப்பா முழுக்கப் பரவியவை. கோலுக்குப் பின்னாலுள்ள கேலரி அவர்களுக்கு வீடு. கொடி, முரசு, பாட்டு, பெரிய துணித் திரை, தீ எல்லாம் சேர்ந்த ஒரு சடங்கு அது. தடை வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் பேரை மூடும் அளவு பெரிய துணியைத் தலைக்கு மேல் விரிக்கிறார்கள். அதன் அடியில் முகமூடி போட்டுக்கொள்கிறார்கள், சட்டையை மாற்றிக்கொள்கிறார்கள், அங்கேயே கொளுத்துகிறார்கள். கேமராவில் முகம் சிக்காமலிருக்க, எரியக்கூடிய துணிக்குக் கீழே, நெரிசலின் நடுவில் தீ. தடை இல்லாதிருந்தால் இப்படிக் கொளுத்தியிருக்க மாட்டார்கள் என்பது ஜெர்மன் ரசிகர்களின் வாதம். ‘பட்டாசை அனுமதியுங்கள், உணர்வை மதியுங்கள்’ என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். 2011இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. பிறகு 2020 பிப்ரவரி 8 அன்று ஹாம்பர்க்கில், கார்ல்ஸ்ரூ அணியுடனான ஆட்டம் தொடங்கும் முன், முறையான அனுமதியோடு 10 புகைக் கலன்களைக் கேலரிக்கு முன்னால் ஒதுக்கிய இடத்தில் கொளுத்திக் காட்டினார்கள். விபத்து ஒன்றும் இல்லை. ரசிகர்களில் பலர் அதை ரசிக்கவும் இல்லை. அனுமதி வாங்கிக் கொளுத்துவதில் என்ன கிக் இருக்கிறது என்பது அவர்கள் மனம்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நெருக்கியடித்த கேலரிக்குள் தீ கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மைதானச் சாவுகளை எண்ணிப் பார்க்கிறவர் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரசிகன் கையிலிருந்த சுடர் ஒருவர் ஒருவராகக் கொன்றிருக்கிறது. பூட்டிய வாசல் ஐம்பது, நூறு, முந்நூறு என்று கொன்றிருக்கிறது.

பிராட்ஃபோர்டுக்குப் போவோம். வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த ஊர். 1985 மே 11, சனிக்கிழமை. உள்ளூர் அணி மூன்றாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏறியிருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். வேலி பரேட் மைதானத்தில் 11,000 பேர். தாத்தா, அப்பா, பேரன் என்று குடும்பம் குடும்பமாக. சண்டை போட அங்கே யாரும் வரவில்லை. லிங்கன் நகர அணியோடான அந்த ஆட்டத்தின் முடிவால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

பிரதான கேலரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தால் கட்டியது. கூரைக்குத் தார் பூசிய அட்டை. மரப் பலகைகளுக்கு இடையே விரற்கடை இடைவெளி. அதற்குக் கீழே, சரிந்த நிலத்துக்கும் தரைக்கும் நடுவில், ஆள் நுழைய முடியாத வெற்றிடம். பல பத்தாண்டுகளாக டீக் கோப்பை, காகிதம், கடலைப் பொட்டலம் எல்லாம் அந்த இடுக்கு வழியாகக் கீழே போய்ச் சேர்ந்திருந்தன. தீக்குப் பிறகு அங்கே துழாவியவர்களுக்கு 1968ஆம் ஆண்டின் செய்தித்தாள் கிடைத்தது. பழைய பென்ஸில் விலை அச்சிட்ட கடலைப் பொட்டலத்தின் உறையும் கிடைத்தது. பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971இல். அதாவது பதினான்கு வருடத்துக்கு மேலாக அங்கே யாரும் துடைப்பம் போடவில்லை.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு ஜூலையில் மாவட்ட நிர்வாகம் கிளப்புக்குக் கடிதம் எழுதியிருந்தது. மரக் கட்டுமானம் தீப்பிடிக்கக்கூடியது, இருக்கைகளுக்குக் கீழே குப்பை சேர்ந்திருக்கிறது, அணைக்காமல் போட்ட ஒரு சிகரெட் போதும் என்று ஏறக்குறைய நடக்கப்போவதை அப்படியே எழுதியிருந்தார்கள். மைதானப் பாதுகாப்புச் சட்டம் 1975இலேயே வந்துவிட்டது. ஆனால் சான்றிதழ் பெற வேண்டிய கட்டாயம் மேல் இரண்டு டிவிஷன் அணிகளுக்கு மட்டுமே. பிராட்ஃபோர்டு மூன்றாம் டிவிஷன். மேலே ஏறிவிட்டதால் இனிச் சட்டம் பொருந்தும் என்று கூரையை மாற்ற இரும்பு வாங்கி வைத்திருந்தார்கள். அந்த ஆட்டம்தான் பருவத்தின் கடைசி ஆட்டம்.

மாலை 3.40 மணி வாக்கில், இடைவேளைக்குச் சற்று முன், இருக்கைக்குக் கீழே ஒரு சின்னப் பளபளப்பு. காலடியில் சூடு தெரிகிறது என்று ஓரிருவர் எழுந்தார்கள். அணைப்பான் தேடிப் போனவருக்கு அது கிடைக்கவில்லை. விஷமிகள் கையில் சிக்கும் என்று அணைப்பான்களை முன்பே அங்கிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். தொலைக்காட்சி அந்த ஆட்டத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் பதிவாகியிருக்கிறது. கேலரியின் ஒரு பக்கம் புகை கிளம்புகிறது. சற்றுத் தள்ளி நிற்கும் இளைஞர்கள் கேமராவைப் பார்த்துக் கையசைத்துக் குதிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். கூட்டம் ஆபத்தைக் கண்டதும் பித்துப் பிடித்து ஓடும் என்பது சினிமாக்காரர்களின் கற்பனை. நிஜத்தில் மனிதர்கள் நம்ப மறுத்துச் சில நிமிடங்களை வீணடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுகிறாரா என்று பார்க்கிறார்கள். பையைத் தேடுகிறார்கள். வெளியேற்றத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இந்தத் தயக்கத்தை.

தீ கூரையைத் தொட்டதும் கதை மாறியது. நான்கு நிமிடத்துக்குள் கேலரி முழுவதும் எரிந்தது. இப்போது மக்கள் இரண்டு திசையில் போனார்கள். முன்னால், ஆட்டக்களத்தை நோக்கி ஓடியவர்களுக்கு எதிரே ஒரு சுவர் இருந்தது, வேலி இல்லை. பெரியவர்களைத் தூக்கிச் சுவருக்கு அப்பால் போட்டார்கள். போலீஸ்காரர்களும் ரசிகர்களும் தலைமுடி கருகக் கருக மறுபடி மறுபடி உள்ளே போய் இழுத்து வந்தார்கள். முன்னால் போனவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மற்றவர்கள் தாங்கள் வந்த வழியே, பின்பக்க நடைவழிக்குப் போனார்கள். வந்த வழியே திரும்பிப் போவதுதான் மனித இயல்பு. அங்கே சுழல் வாயில்கள் பூட்டியிருந்தன. கதவுகள் சிலவும் பூட்டியிருந்தன. ஆட்டம் தொடங்கியதும் டிக்கெட் இல்லாதவர் நுழைந்துவிடாமலிருக்கப் பூட்டுவது வழக்கம். திறக்க ஆள் யாரும் அங்கே இல்லை. செத்த 56 பேரில் பெரும்பகுதியினர் அந்தப் பின்பக்கத்தில்தான் கிடந்தார்கள்.

விசாரித்த நீதிபதி ஆலிவர் பாப்பிள்வெல், முன்னால் வேலி இருந்திருந்தால் சாவு இன்னும் எத்தனையோ மடங்காகியிருக்கும் என்று கண்டார். ஆனால் அதே நாளில் பர்மிங்ஹாமில் ரசிகர் கலவரத்தில் சுவர் இடிந்து ஒரு சிறுவன் இறந்திருந்தான். பதினெட்டு நாள் கழித்து பிரஸ்ஸல்ஸின் ஹெய்செல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள். எல்லாவற்றையும் அந்த ஒரே விசாரணைக்குள் வைத்தது அரசு. பூட்டிய கதவால் செத்தவர்களின் அறிக்கையும், அடிதடிக்காரர்களை எப்படி அடைத்துவைப்பது என்ற அறிக்கையும் ஒரே கட்டில் வெளிவந்தன. அதில் பின்னது ஆட்சியாளர்களின் காதில் சத்தமாக விழுந்தது என்பது என் வாசிப்பு.

நான்கு ஆண்டு கழித்து, 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் நின்ற லெப்பிங்ஸ் லேன் பக்கம் வேலிகளால் பட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வெளியே நெரிசல் மிகவே, 2.52க்கு ‘சி’ கதவைத் திறக்கப் போலீஸ் உத்தரவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கு எதிரே நேராகத் தெரிந்த சுரங்கவழி, ஏற்கெனவே நிரம்பிய நடுப் பட்டிகளுக்குப் போனது. அதை அடைக்க யாரும் நினைக்கவில்லை. பக்கத்துப் பட்டிகளில் இடம் இருந்தது. களத்துக்குத் திறக்கும் சின்னக் கதவு ஒன்று அழுத்தத்தில் தானாகத் திறந்துகொண்டபோது, களத்தில் நின்ற போலீஸ் அதை மறுபடி சாத்தியது. வேலி ஏறியவர்களை உள்ளே தள்ளினார்கள். மூச்சுக்குத் தவிக்கிறவன் அவர்கள் கண்ணுக்கு மைதானத்தில் புகுந்து கலாட்டா செய்ய வருகிறவனாகத் தெரிந்தான். ஆட்டத்தை நிறுத்தியபோது மணி 3.06. இறந்தவர்கள் 97 பேர். ரசிகர்கள்தான் காரணம் என்று சொல்லப்பட்ட பொய்யை முற்றாக நீக்க 2016 வரை, அதாவது 27 வருடம், குடும்பங்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

தவிக்கிறவனைக் கலாட்டாக்காரனாகப் பார்க்கும் இதே கண்ணோட்டம் வெப்ப நாடுகளில் கண்ணீர்ப்புகையாக வருகிறது. 1964 மே 24, லிமா: பெரு அடித்த கோல் செல்லாது என்றதும் இருவர் களத்தில் இறங்கினார்கள், கேலரி நோக்கிக் கண்ணீர்ப்புகை, மக்கள் படிக்கட்டுச் சுரங்கங்களில் இறங்கினால் அடியில் இரும்பு ஷட்டர்கள் மூடியிருந்தன. அரசுக் கணக்கில் 328 பேர். 2001 மே 9, அக்ரா: இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள் என்று கண்ணீர்ப்புகை, கதவுகள் பூட்டு, 126 பேர். 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மாலாங் அருகே கஞ்சுருஹான் மைதானம்: அரேமா அணி பரம எதிரியான பெர்செபாயாவிடம் 2–3 என்று தோற்றது. எதிரணி ரசிகர்களை அன்று உள்ளே விடவேயில்லை. ஆகவே சண்டையிட இரண்டு தரப்பும் இல்லை. சிலர் களத்தில் இறங்கினார்கள், பிறகு பலர். போலீஸ் களத்தோடு நிற்காமல் கேலரிக்குள்ளும் புகைக்குண்டு எறிந்தது. கதவுகள் சில பூட்டியிருந்தன. சில ஒருவர் மட்டும் நுழையும் அளவுக்கே திறந்திருந்தன. 135 பேர். பிள்ளைகள் நிறைய. மைதானத்தில் கூட்டத்தை அடக்கும் வாயுவைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிஃபாவின் விதிப்புத்தகம் அச்சிட்டு வைத்திருக்கிறது.

ரசிகன் கொளுத்தும் புகைக்கு மைதானத்தில் தடை, அபராதம், சிறை எல்லாம் உண்டு. போலீஸ் எறியும் புகைக்கு மைதானத்தில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் கடமைகூட இல்லை.

இனி கணக்கு. மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ‘பச்சைக் கையேடு’ என்று அழைக்கப்படும் மைதான வழிகாட்டி நூல் உண்டு. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971இல் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்த பிறகு எழுதப்பட்டது. சமதளத்தில் 1 மீட்டர் அகல வழியாக நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66 பேர் என்று அதன் அண்மைப் பதிப்புகள் சொல்கின்றன. சாதாரண நாளில் 8 நிமிடத்தில் எல்லோரும் வழிகளைக் கடந்துவிட வேண்டும். தீ அபாயம் கூடுதலாக இருக்கும் கட்டடத்துக்கு இரண்டரை நிமிடம்வரை அது சுருங்கும். இந்த இரண்டரை எங்கிருந்து வந்தது? 1911 மே 9 அன்று எடின்பரோவின் எம்பயர் பேலஸ் நாடக அரங்கில் மேடை தீப்பற்றியது. தீத்தடுப்புத் திரை இறங்கியது, இசைக்குழு தேசிய கீதத்தை வாசித்தது, ஏறக்குறைய 3,000 பேர் எழுந்து இரண்டரை நிமிடத்தில் வெளியேறினார்கள். மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் இறந்தார்கள்; பார்வையாளரில் ஒருவர்கூட இறக்கவில்லை. அந்த வாத்தியக்காரர்களின் ஒரு பாட்டு நேரம்தான் இன்றுவரை பொறியாளர்களின் சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தீப்பாதுகாப்புப் பாடத்தில் சொல்வார்கள்.

ஒரு கேலரியில் 5,000 பேர் என்று வையுங்கள். 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்று நிமிடத்துக்கு 79 பேரை இறக்கும். 8 நிமிடத்தில் இறக்க எட்டுப் படிக்கட்டு வேண்டும். வரைபடத்தில் எட்டும் இருக்கும், அனுமதியும் கிடைத்துவிடும். ஆட்டம் தொடங்கியதும் டிக்கெட் இல்லாதவர் ஏறாமலிருக்க மூன்றைப் பூட்டினால் பன்னிரண்டரை நிமிடத்துக்கும் மேல். வரைபடத்தில் அந்தப் பூட்டு தெரியாது.

சரியாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 12, மாட்ரிட்டின் சான்டியாகோ பெர்னபூ. ரியல் மாட்ரிட்டுக்கும் ரியல் சோசியடாடுக்கும் ஆட்டம், 1–1, 88ஆவது நிமிடம். பாஸ்க் பிரிவினைவாத எட்டா அமைப்பின் பெயரில் வெடிகுண்டு மிரட்டல். சுமார் 70,000 பேர் ஏறக்குறைய 8 நிமிடத்தில் வெளியே. ஆட்டக்காரர்கள் ஜெர்சியோடு குளிரில் தெருவில் நின்றார்கள். குண்டு எதுவும் இல்லை. மிச்ச நிமிடங்களை 2005 ஜனவரி 5 அன்று ஆடினார்கள். ஸிடானின் பெனால்ட்டியில் மாட்ரிட் வென்றது. அந்த இரவில் வியக்க ஒன்றும் இல்லாததுதான் அதன் சிறப்பு. கதவுகள் திறந்தன, மக்கள் நடந்தார்கள்.

2016 மே 15, மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு: ஒலிபெருக்கியில் ‘ஆபரேஷன் ரெட் கோட்’ என்ற அறிவிப்பு. ஊழியர்களுக்கு அது புரிந்தது. முதலில் இரண்டு கேலரிகளைக் காலி செய்தார்கள், பிறகு மற்றவை. கழிவறையில் கிடந்தது, சில நாள் முன்பு நடந்த பயிற்சியில் மறந்துபோன போலிக் குண்டு. நகரமே சிரித்தது, திட்டியது. எனக்கோ அது ஒரு நல்ல ஒத்திகை.

வெளியே அனுப்புவதே எப்போதும் விடை என்றும் நினைக்க வேண்டாம். 2015 நவம்பர் 13, பாரிஸின் ஸ்டேட் டி ஃபிரான்ஸ். மைதானத்துக்கு வெளியே தற்கொலைக் குண்டுகள் வெடித்த சத்தம் உள்ளே கேட்டது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு மக்கள் பெருமளவில் களத்தின் புல்தரையில் இறங்கி நின்றார்கள். வெளியே ஆபத்து என்றால் நடுக்களம்தான் அடைக்கலம். அங்கே வேலி இருந்திருந்தால்?

நம் பக்கமும் இது தொலைவில் இல்லை. கொல்கத்தா ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஆட்டத்தில் 16 பேர் இறந்தார்கள். மலப்புறம் மாவட்டத்தில் அரீக்கோடு பக்கம் 2025 பிப்ரவரியில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி தொடங்கும் முன் கொளுத்திய வாணம் தரையோரம் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் சீறிப் பாய்ந்து 30க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அங்கே கொளுத்தியது ரசிகர் கூட்டமில்லை. நிகழ்ச்சி நடத்தியவர்கள் தரப்பு. முகமூடி போட்டவன் கையில் இருந்தால் குற்றம், அழைப்பிதழில் இருந்தால் வாணவேடிக்கை என்று நாம் வைத்திருக்கும் பாகுபாடு தீப்பொறிக்குத் தெரியாது.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லர் பிரபு 1989 ஆகஸ்டில் இடைக்கால அறிக்கை தந்தார், 43 பரிந்துரைகள். எல்லா மைதானங்களிலும் இருக்கை போட வேண்டும் என்று பிற்பாடு வந்த இறுதி அறிக்கைதான் பலருக்கு நினைவிருக்கிறது. எனக்கு இடைக்கால அறிக்கையில் ஒரு வரி முக்கியம். வேலியில் உள்ள ஒவ்வொரு கதவுக்கும், அல்லது அடுத்தடுத்த கதவுகளுக்குச் சேர்த்து, இன்னார் என்று குறித்த, பயிற்சி பெற்ற ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும்; நெரிசலைத் தணிக்கக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கே இருக்க வேண்டும் என்றார் டெய்லர்.

உங்களில் சிலர் மடக்கலாம்: ‘சி’ கதவைத் திறந்ததுதானே ஹில்ஸ்பரோவில் கொன்றது? உள்ளே விடும் கதவைத் திறக்கிறவருக்கு உள்ளே இடமிருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று உத்தரவிட்டவர் அதைப் பார்க்கவில்லை. வெளியே விடும் கதவில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

டெய்லரோடு எனக்கு ஒரே மாறுபாடு. நம் ஊரில் அந்த அதிகாரத்தைப் போலீஸுக்குக் கொடுத்தால், கீழே நிற்பவர் மேலே கேட்பார், மேலே இருப்பவர் இன்னும் மேலே கேட்பார். ஏஜென்சிக்காரர் நாள் கூலிக்கு அனுப்பிய, சட்டை அளவுகூடப் பொருந்தாத ஒரு பையன் வாசலில் நிற்கிறானே, சாவி அவனிடம் இருக்கட்டும். சாவியே வேண்டாம், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போதும் என்றால் இன்னும் நல்லது. தவறாகத் திறந்துவிட்டால் கூலி பிடிப்பதில்லை, வேலையை விட்டு நிறுத்துவதில்லை என்று போட்டி நடத்துகிறவர் அவனுக்கு எழுதிக் கொடுக்கட்டும். அவன் தவறாகத் திறந்தால் டிக்கெட் இல்லாத சில நூறு பேர் ஓர் ஆட்டம் பார்ப்பார்கள். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்காளர் பார்த்துக்கொள்வார்.